மகனா? மருமகனா?
தம்பிமார் குடும்பமும் ஓர் ஆங்கிலப் பிரபுவின் குடும்பமும்

வேலையின் பொருட்டும் வணிகத்தின் பொருட்டும் காரக்கோணம், வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் பாடம் படிக்கின்றனர். மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் கதை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவரை எதிர்த்து நின்ற தம்பிமாரை அவர்கள் வெறும் கலகக்காரர்களாக மட்டுமே அறிந்திருக்கின்றனர். அந்தத் தம்பிமார் யார்? அவர்கள் எந்த உரிமையைக் கேட்டார்கள்? ஏன் அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை? இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப் போவது இதைத்தான்.

இதே காலத்தை ஒட்டி இங்கிலாந்திலும் ஓர் அரசரின் மகன் இதே கேள்வியை எழுப்பி உயிரை இழந்தார். அவருடைய குடும்பத்தின் கதையையும் உடன் வைத்துப் படித்தால் நம் ஊர்க் கதை இன்னும் தெளிவாக விளங்கும்.

1. முதலில் முறையைத் தெரிந்துகொள்வோம்

தமிழில் ‘மருமகன்’ என்றால் மகளின் கணவரையும் குறிக்கும், உடன்பிறந்தாளின் மகனையும் குறிக்கும். இந்தப் பாடத்தில் இரண்டாவது பொருளையே கொள்ள வேண்டும். ‘மருமக்கத்தாயம்’ என்பதில் ‘தாயம்’ என்பது உரிமைச் சொத்து. ஒருவருடைய சொத்தும் பட்டமும் அவர் பெற்ற மக்களுக்குப் போகாமல் அவருடைய சகோதரியின் மக்களுக்குப் போவதே மருமக்கத்தாயம். மக்களுக்கே போவது மக்கத்தாயம்.

வேணாட்டு அரச குடும்பம் மருமக்கத்தாயக் குடும்பம். அரசர் இறந்தால் அவருக்கு அடுத்த இளைய சகோதரருக்கும், சகோதரர் இல்லையென்றால் சகோதரியின் மூத்த மகனுக்கும் பட்டம் போகும். ஆகவே அடுத்த அரசரைப் பெறுகிறவர் அரசரின் மனைவி அல்லர், அரசரின் சகோதரி. அந்தச் சகோதரிக்கு ஆற்றிங்கல் ராணி என்று பெயர். ஆற்றிங்கல் பகுதியில் அவருக்குத் தனி நிலமும் தனி அதிகாரமும் இருந்தன. குடும்பத்தில் பெண் மக்கள் இல்லாமல் போனால் வடக்கே கோலத்துநாட்டு மரபிலிருந்து பெண் மக்களைத் தத்தெடுத்து வந்து வம்சத்தைத் தொடர்ந்தனர்.

அப்படியானால் அரசரின் மனைவிக்கும் மக்களுக்கும் என்ன நிலை? அரசரின் மனைவியை ராணி என்று அழைப்பதில்லை. ‘அம்மச்சி’ என்றே அழைப்பர். அவர் வசிக்கும் வீடு ‘அம்மவீடு’. அவர் பெற்ற ஆண் மக்களுக்குத் ‘தம்பி’ என்றும் பெண் மக்களுக்குத் ‘தங்கச்சி’ என்றும் பட்டம் உண்டு. மரியாதை உண்டு, நிலம் உண்டு, ஏவலாட்கள் உண்டு. சிம்மாசனம் மட்டும் இல்லை. நாம் வீட்டில் உடன்பிறந்த இளையவனைக் கூப்பிடும் ‘தம்பி’ என்ற சொல், இந்த மண்ணில் ‘அரசரின் மகன், ஆனால் வாரிசு அல்ல’ என்ற பொருளையும் தாங்கி நின்றது.

பிற்காலத்தில் அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு என்னும் நான்கு அம்மவீடுகள் பெயர் பெற்று விளங்கின. இந்த நான்கு ஊர்களும் இன்று தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளன என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். திருவனந்தபுரம் அரண்மனையின் மருமகள்கள் நம் எல்லைக்குத் தெற்கிலிருந்து போனவர்கள்.

2. ஓர் ஆங்கிலப் பிரபுவின் கதை

1684ஆம் ஆண்டில் ஆற்றிங்கல் ராணி, அஞ்சுதெங்கில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு இடம் தந்தார். தந்தைவழி மட்டுமே தெரிந்த ஆங்கிலேயர், ஒரு பெண்ணின் கையிலிருந்து இடம் பெற்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அவர்களுடைய சொந்த நாட்டிலேயே ‘யார் வாரிசு?’ என்ற கேள்விக்காகப் போர் மூண்டது.

இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் சார்லஸ். அவருக்கும் அவருடைய மனைவி கேத்தரினுக்கும் குழந்தை இல்லை. ஆனால் சார்லஸ் நாடு கடந்து வாழ்ந்த இளமைக் காலத்தில் லூசி வால்டர் என்ற பெண்ணிடம் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் ஜேம்ஸ். பிறந்தது 1649இல், ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் நகரில். சார்லஸ் அந்த மகனிடம் மிகுந்த அன்பு கொண்டிருந்தார். 1663இல் அவனை மன்மத் கோமகன் ஆக்கினார். அதே ஆண்டில் ஸ்காத்லாந்தின் பெரும் செல்வக் குடும்பத்துப் பெண்ணான ஆன் ஸ்காட்டை மணம் முடித்து வைத்தார். மாப்பிள்ளைக்கு வயது 14, பெண்ணுக்கு 12. ஆன் ஸ்காட் தன் குடும்பத்தின் பக்ளூ பட்டத்துக்கும் நிலங்களுக்கும் தன் சொந்த உரிமையில் வாரிசாக இருந்தவள். ஆகவே மாப்பிள்ளைதான் மனைவியின் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டார்.

மன்மத் வளர்ந்து படைத்தலைவரானார். மக்களிடம் செல்வாக்கும் பெற்றார். அரசருக்குப் பின் பட்டத்துக்கு உரியவர் அரசரின் தம்பி ஜேம்ஸ். அவர் கத்தோலிக்கர். அன்றைய இங்கிலாந்து மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். ஆகவே ‘அரசர் லூசியை முறைப்படி மணந்தார், அதனால் மன்மத்தே வாரிசு’ என்று ஒரு கூட்டத்தார் பேசத் தொடங்கினர். அரசரோ, தாம் அந்தப் பெண்ணை ஒருபோதும் மணந்ததில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். மகன் மீது அன்பு இருந்தது. ஆனால் முறையை மாற்ற அவர் இசையவில்லை.

1685 பிப்ரவரியில் சார்லஸ் இறந்தார். தம்பி ஜேம்ஸ் அரசரானார். அப்போது ஹாலந்தில் இருந்த மன்மத், ஜூன் 11ஆம் நாள் 82 பேருடன் லைம் ரீஜிஸ் என்னும் சிறு துறைமுகத்தில் வந்து இறங்கினார். நெசவாளர்களும் உழவர்களும் அவர் பக்கம் திரண்டனர். டாண்டன் நகரில் தம்மை அரசராக அறிவித்துக்கொண்டார். ஜூலை 6ஆம் நாள் செட்ஜ்மூர் போரில் அவருடைய படை சிதறியது. ஜூலை 15ஆம் நாள் லண்டனில் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. அவரை நம்பி வந்த எளிய மக்களில் சுமார் 300 பேர் தூக்கிலிடப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர்.

இனிக் குடும்பத்தைப் பாருங்கள். கணவரின் பட்டமான மன்மத் பறிபோயிற்று. ஆனால் பக்ளூ பட்டமும் நிலங்களும் மனைவி ஆன் ஸ்காட்டின் சொந்த உரிமை. ஆகவே அவற்றை அரசர் தொட முடியவில்லை. ஆன் 1732 வரை வாழ்ந்தார். அவருக்குப் பின் பேரன் பக்ளூ கோமகன் ஆனார். அந்தக் குடும்பம் இன்றும் அதே பட்டத்துடன் இருக்கிறது. தந்தைவழியே முறை என்று கொண்டிருந்த நாட்டில், ஒரு தாயின் உரிமைதான் பிள்ளைகளைக் காப்பாற்றியது.

3. நெய்யாற்றின்கரை இளவரசர்

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 1721 ஏப்ரலில் ஆற்றிங்கல் ராணிக்குப் பரிசு கொண்டுபோன ஆங்கிலேயர் கூட்டத்தை உள்ளூர் மக்கள் தாக்கினர். கிஃபோர்டு என்னும் தலைவரும் சுமார் 140 பேரும் மாண்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1723இல், கம்பெனியாருடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. வேணாட்டின் பெயரால் அதைச் செய்தவர் நெய்யாற்றின்கரை இளவரசர். அவர்தான் பிற்காலத்து மார்த்தாண்ட வர்மா. அப்போது அவருக்கு வயது 17 அல்லது 18 இருக்கும்.

அப்போது வேணாட்டை ஆண்டவர் அவருடைய மாமன் ராம வர்மா. அரசர் பெயரளவில் அரசர். கோயில் நிலங்களையும் வரி வசூலையும் கையில் வைத்திருந்த யோகக்காரரும், எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்னும் பிரபுக்களுமே உண்மையில் நாட்டை நடத்தினர். இந்தக் கட்டுகளை உடைக்க வேண்டும் என்று இளவரசர் மாமனுக்கு யோசனை சொன்னார். 1726இல் ராம வர்மா திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, மதுரை நாயக்கருடன் உடன்படிக்கை செய்து, ஆண்டுக் கப்பத்துக்கு ஈடாகப் படைகளைப் பெற்று வந்தார். அப்போது அங்கே ஆண்டவர் விஜயரங்க சொக்கநாத நாயக்கர்.

இதனால் பிரபுக்களின் பகை இளவரசர் மீது திரும்பியது. அவர் பல ஆண்டுகள் மறைந்து திரிய நேர்ந்தது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இன்றும் பாதுகாக்கப்படும் அம்மச்சிப் பிலாவு அந்தக் காலத்தின் அடையாளம். ‘பிலாவு’ என்பது நாம் பலா என்று சொல்லும் மரமே. அதன் பொந்துக்குள் இளவரசர் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தக் கோயிலையும் பின்னாளில் அவரே கட்டுவித்தார். காரக்கோணத்திலிருந்து பேருந்தில் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு அன்றே திரும்பி விடலாம்.

4. தம்பிமார் கேட்ட உரிமை

அரசர் ராம வர்மாவுக்கு இரண்டு மகன்கள். பெயர்கள் பப்புத் தம்பி, இராமன் தம்பி. வலிய தம்பி, குஞ்சுத் தம்பி என்று மக்கள் அழைத்தனர். உடன்பிறந்த ஒரு தங்கையும் உண்டு. கதைகளில் அவள் பெயர் உம்மிணித் தங்கை. இவர்களின் தாய் அபிராமி, வெளியூரிலிருந்து சுசீந்திரம் கோயிலுக்கு வந்த பெண் என்றும், அங்கே அரசர் கண்டு விரும்பி மணந்தார் என்றும் கதை மரபு கூறுகிறது.

இந்த மரபு உண்மையாயின் பிரச்சினையின் வேர் அங்கேயே இருக்கிறது. தாய் பிறந்த குலத்தில் தந்தையின் சொத்து மகனுக்கு. தந்தை பிறந்த குலத்தில் மாமனின் சொத்து மருமகனுக்கு. ஒரே கூரையின் கீழ் இரண்டு முறைகள். அரண்மனை வாழ்வையும் படைப் பயிற்சியையும் பெற்று வளர்ந்த மக்கள், தந்தை கண்ணை மூடியதும் ‘நீங்கள் யாரோ’ என்று கேட்கப்பட்டால் மனம் என்ன பாடுபடும்?

கதை மரபில் இன்னொரு செய்தியும் வருகிறது. உம்மிணித் தங்கையை மணக்க மார்த்தாண்ட வர்மா விரும்பினார். ‘எங்கள் தங்கைக்குப் பிறக்கும் மகனுக்குப் பட்டம் தருவதானால் பெண் தருகிறோம்’ என்று தம்பிமார் சொன்னார்கள். மகாபாரதத்தில் சத்தியவதியின் தந்தை சந்தனு அரசரிடம் வைத்த நிபந்தனையும் இதுவேயல்லவா? சந்தனுவுக்காக வீடுமர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். மார்த்தாண்ட வர்மா இசையவில்லை. இசைந்திருந்தால் அவருடைய சொந்தப் பட்டத்துக்கு ஆதாரமான முறையே இடிந்திருக்கும்.

1729இல் ராம வர்மா இறந்தார். மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டமேறினார். தம்பிமார் உரிமை கேட்டு எழுந்தனர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் அவர்களுக்குத் துணை நின்றனர். பிள்ளைமாருக்குத் தம்பிமார் மீது அன்பு என்பதைவிட, வலுவான அரசர் வேண்டாம் என்பதே நோக்கம் எனலாம்.

தம்பிமார் கிழக்கே பாண்டி நாட்டு அதிகாரிகளிடம் முறையிட்டனர். தந்தையின் நாடு மகனுக்கே என்பது அங்கே யாருக்கும் எளிதில் புரியும் வாதம். அழகப்ப முதலியார் என்னும் தளபதி படையுடன் நாகர்கோவில் பக்கம் வந்து விசாரித்தார். அரசர் தரப்பில், வேணாட்டில் தலைமுறை தலைமுறையாக மருமக்களே பட்டத்துக்கு வந்துள்ளனர் என்பதற்குச் சான்றுகள் காட்டப்பட்டன. இந்த வாதத்தை எடுத்துரைத்தவர்களில் ஒருவர் பின்னாளில் தளவாயாகப் புகழ் பெற்ற இராமய்யன். முதலியார் வழக்கை மருமகன் பக்கமே தீர்த்தார் என்று திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மக்கத்தாய நாட்டிலிருந்து வந்த ஒருவர், தம் நாட்டு முறையைப் பார்க்காமல் இந்த நாட்டு முறையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது குறிப்பிடத்தக்கது.

தீர்ப்போடு பகை தீரவில்லை. 1730ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம்பிமார் இருவரும் நாகர்கோவிலில் கொல்லப்பட்டனர். பேச வரவழைத்து வஞ்சகமாகக் கொன்றார்கள் என்று ஒரு பக்கம் சொல்லும். அரசரைத் தாக்க வந்தபோது வெட்டப்பட்டனர் என்று மறுபக்கம் சொல்லும். பின்னர் எட்டுவீட்டுப் பிள்ளைமார் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன. வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அந்தப் பெண்களின் பெயர்களை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. ஆண்கள் பட்டத்துக்குச் சண்டையிட்டனர். தண்டனையில் பெண்களுக்கும் பங்கு வந்தது.

5. பின் விளைவு

இந்தக் கலகத்தை அடக்கிய பிறகே மார்த்தாண்ட வர்மா வடக்கே திரும்பிக் கொல்லம், காயங்குளம் முதலிய நாடுகளைத் தம் ஆட்சிக்குள் கொண்டு வந்தார். 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக்காரரை வென்றார். 1750 ஜனவரியில் நாட்டை ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்துத் தாம் தாசனாக நின்று ஆண்டார். 1758இல் அவர் மறைந்தபோது மருமகன் கார்த்திகைத் திருநாள் ராம வர்மா பட்டத்துக்கு வந்தார். இவரே தர்மராஜா. எந்த முறைக்காக இரத்தம் சிந்தப்பட்டதோ அந்த முறையே தொடர்ந்தது.

தம்பிமார் என்ற வகுப்பு அழிந்துவிடவில்லை. பட்டத்துக்குப் போட்டியிடாத வேறு துறைகளில் அவர்கள் சிறந்தனர். அரச குடும்பத்தின் உறவில் பிறந்த இரயிம்மன் தம்பி (1782–1856) புகழ்பெற்ற இசைப்புலவர். சுவாதித் திருநாள் குழந்தையாக இருந்தபோது அவர் பாடிய மலையாளத் தாலாட்டை இன்றும் இந்தப் பகுதித் தாய்மார்கள் பாடுகின்றனர்.

6. யார் சொல்லும் கதை?

தம்பிமாரைப் பற்றி இரண்டு வகைக் கதைகள் உள்ளன.

ஒன்று, சி. வி. ராமன் பிள்ளை எழுதிய ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மலையாள நாவல். 1891இல் வெளிவந்தது. தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு. அதில் இளவரசர் நாயகர். பப்புத் தம்பி கொடியவர். பெரும்பாலோர் மனத்தில் பதிந்திருப்பது இந்தச் சித்திரமே.

மற்றொன்று, தென் திருவிதாங்கூரில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்ட ‘தம்பிமார் கதை’. இது தமிழ்க் கதைப்பாடல். இதில் தம்பிமார் வீரர்கள், வஞ்சனைக்குப் பலியானவர்கள். தோற்றுப் போனவர்களுக்காகவும், காலம் வருமுன் வெட்டுப்பட்டு இறந்தவர்களுக்காகவும் கொடை விழாவில் விடிய விடிய வில்லடித்துப் பாடுவது நம் தெற்கத்தி வழக்கம். அரண்மனை ஓலையில் இடம் கிடைக்காதவர்களுக்கு அம்மன் கோயில் முற்றத்தில் இடம் கிடைத்தது.

இங்கிலாந்திலும் இப்படியே நடந்தது. மன்மத்தின் மனைவி ஆன் ஸ்காட்டை, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, சர் வால்டர் ஸ்காட் என்ற எழுத்தாளர் 1805இல் தாம் எழுதிய ஒரு கதைப்பாடலில் கொண்டுவந்தார். வயதான பாணர் ஒருவர் அந்தக் கோமகளின் முன்னிலையில் பழங்கதை பாடுவதாக அது அமைந்தது. இதே ஸ்காட்டின் வரலாற்று நாவல்களைப் படித்து ஊக்கம் பெற்றுத்தான் ராமன் பிள்ளை ‘மார்த்தாண்ட வர்மா’வை எழுதினார். ஆங்கிலப் பிரபுவின் குடும்பக் கதையையும் நம் தம்பிமார் கதையையும் இப்படி ஒரு நூலிழை இணைக்கிறது.

இரண்டு கதைகளில் எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘நாவலை எழுதியவர் வென்ற அரசரின் வழியில் வந்த நாட்டில் இருந்து எழுதினார், பாட்டைப் பாடியவர் தோற்றவர்களின் ஊரில் இருந்து பாடினார்’ என்று பதில் சொல்லலாம். இரண்டையும் கேட்டவனுக்கே நடந்தது ஓரளவு புலப்படும். மலையாள வழியில் படிக்கும் நம் பிள்ளைக்கு முதல் கதை பள்ளியிலேயே கிடைத்துவிடும். இரண்டாவது கதை தமிழில்தான் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் அந்தக் கதை அவனுக்கு மூடிய கதவு. வீட்டில் தமிழ் கற்பிப்பதன் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

7. முறையும் மாறும்

மருமக்கத்தாயம் அரச குடும்பத்துக்கும் நாயர்களுக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை. நாஞ்சில் நாட்டுத் தமிழ் வேளாளர்களும் மருமக்கள் வழியைப் பின்பற்றினர். தந்தை பாடுபட்டுச் சேர்த்த சொத்தில் பெற்ற பிள்ளைக்கு ‘உகந்துடைமை’ என்று ஒரு சிறு பங்கே கிடைத்தது. அதற்கும் வழக்காட வேண்டியிருந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நகைச்சுவை நூலில் இந்த முறையால் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பாடினார். சிரித்துக்கொண்டே படிக்கும் நூல். ஆனால் அதில் பேசுகிறவள் கணவனை இழந்து நடுத்தெருவில் நிற்கும் ஒரு பெண்.

பின்னர் சட்டங்கள் வந்தன. திருவிதாங்கூரில் 1912லும் 1925லும் வந்த நாயர் சட்டங்கள், தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி மக்களுக்கு உரிமையை விரிவாக்கின. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. 1975இல் கேரள சட்டமன்றம் இந்துக் கூட்டுக் குடும்ப முறையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது. 1976 டிசம்பர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. தம்பிமார் வாளெடுத்துக் கேட்டும் கிடைக்காத உரிமை, அரச பட்டத்தை விட்டு மற்றச் சொத்துகளைப் பொறுத்தவரை, சுமார் இருநூறு ஆண்டுகள் கழித்து எல்லா மக்களுக்கும் சட்டத்தின் வழியாகக் கிடைத்தது.

இதனால் தாய்வழி முறை முழுவதும் தீயது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த முறையில் பெண்ணுக்குப் பிறந்த வீடு என்றும் சொந்த வீடு. கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் அவள் போக்கிடம் இல்லாதவள் ஆகமாட்டாள். பெண் குழந்தை பிறந்தால் வம்சம் விளங்கியது என்று மகிழ்ந்தனர். மக்கத்தாயம் பின்பற்றிய நம் குடும்பங்களிலோ மகளுக்கு நகையும் சீரும் கொடுத்துக் கணக்கை முடித்து, நிலத்தை மகனுக்கு எழுதிவைத்தோம். ஒரு முறை மகனை வெளியே நிறுத்தியது; மற்றொரு முறை மகளை வெளியே நிறுத்தியது. 1989இல் தமிழ்நாட்டிலும், 2005இல் இந்தியா முழுவதிலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தங்களால் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை வந்தது. சட்டம் வந்தும் எத்தனை வீடுகளில் தங்கைகளிடம் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதி வாங்கப்படுகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

எல்லையும் ஒரு பாகப்பிரிவினைதான். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய ஒன்பது வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழக எல்லைக்குள் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசு பராமரிக்கிறது. தம்பிமார் மாண்ட நாகர்கோவில் ஒரு மாநிலத்தில். இளவரசர் ஒளிந்த பிலாவு இன்னொரு மாநிலத்தில். கதை மட்டும் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. அதன் இரண்டு பாதிகளையும் படிக்க வல்லவர்கள், இரு மொழியும் அறிந்து இந்த எல்லையில் வாழும் நம் பிள்ளைகளே.

சொற்பொருள்

தாயம் – உரிமையாக வரும் சொத்து.
மக்கத்தாயம் – தந்தையிடமிருந்து மக்களுக்கு வரும் உரிமை.
மருமக்கத்தாயம் – மாமனிடமிருந்து சகோதரியின் மக்களுக்கு வரும் உரிமை.
அம்மச்சி – வேணாட்டு, திருவிதாங்கூர் அரசரின் மனைவி.
தம்பி, தங்கச்சி – அரசரின் மகனுக்கும் மகளுக்கும் உரிய பட்டங்கள்.
தளவாய் – படைக்கும் நிர்வாகத்துக்கும் தலைமை அமைச்சர்.
கோமகன் – ஆங்கிலப் பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம் உடையவர்.

பயிற்சி வினாக்கள்

1. வேணாட்டில் அரசரின் மகன் ஏன் அரசராக முடியவில்லை?
2. மன்மத் கோமகனுக்கும் தம்பிமாருக்கும் உள்ள ஒற்றுமை ஒன்று, வேற்றுமை ஒன்று எழுதுக.
3. மன்மத் இறந்த பின் அவருடைய பிள்ளைகளின் சொத்தைக் காப்பாற்றியது எது?
4. அழகப்ப முதலியார் சொன்ன தீர்ப்பு நியாயமானதா? இரு பக்கமும் வாதம் எழுதுக.
5. தம்பிமாரைப் பற்றி நாவலும் வில்லுப்பாட்டும் மாறுபடுவதற்குக் காரணம் என்ன?

வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு தாளில் உங்கள் குடும்ப மரத்தை வரையுங்கள். முதலில் தந்தை, தந்தையின் தந்தை, அவர் தந்தை என்று மேலே செல்லுங்கள். அடுத்த தாளில் தாய், தாயின் தாய், அவர் தாய் என்று மேலே செல்லுங்கள். எந்தத் தாளில் பெயர்கள் முதலில் நின்றுபோகின்றன என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது இரண்டாவது தாளாகத்தான் இருக்கும். பாட்டிமார் உயிருடன் இருக்கும்போதே கேட்டு அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள்.